கட்டடம் பெரிதானால் வரிசை குறையுமா?

புதிய விமான முனையம் திறக்கப்படும் நாளில் செய்தி ஒரே வடிவில்தான் வருகிறது. எத்தனை கோடி ரூபாய் செலவு, எத்தனை சதுர மீட்டர் பரப்பு, ஆண்டுக்கு எத்தனை லட்சம் பயணிகளைத் தாங்கும், சுவரில் எந்தக் கோயிலின் சிற்பம், கூரையில் எந்தக் கோலத்தின் சாயல். சென்னையில் 2023 ஏப்ரலில் 1,260 கோடி ரூபாய் செலவில் ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டபோதும், 2024 ஜனவரியில் திருச்சியில் 1,100 கோடிக்கு மேல் செலவான முனையம் திறக்கப்பட்டபோதும் இப்படித்தான் எழுதினார்கள். அங்கே பாதுகாப்புச் சோதனைக்கு எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், விமானம் நின்ற எத்தனையாவது நிமிடத்தில் கடைசிப் பெட்டி பெல்ட்டுக்கு வரும், சக்கர நாற்காலி கேட்ட முதியவருக்கு அது எப்போது கிடைக்கும் என்பவை செய்தியாவதில்லை. நாமும் கேட்பதில்லை.

இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை ஊன்றியிருக்கிறது. விமான நிலையத்தில் பயணி படும் பாட்டுக்கெல்லாம் காரணம் இடநெருக்கடி. இடத்தைப் பெருக்கினால் பாடு தீரும். கூடவே பளிங்குத் தரையும் கடைவீதியும் அமைத்துவிட்டால் பயணம் இனிமையாகிவிடும். அமைச்சர்கள் இப்படிப் பேசுகிறார்கள், ஆலோசனை நிறுவனங்கள் இப்படி அறிக்கை தருகின்றன, விருது கொடுப்பவர்கள் இப்படிப் படம் போடுகிறார்கள். பயணிகளும் பெரும்பாலும் இதையே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்று நான் சொல்கிறேன். பயணி படும் பாட்டை முதலில் தீர்மானிப்பவை மூன்று: எந்த நேரத்தில் எத்தனை விமானங்களை அனுப்புகிறோம், சோதனைத் தடத்திலும் பெட்டி இறக்குமிடத்திலும் எத்தனை பேரை நிறுத்துகிறோம், ஓடுபாதையை எப்படிப் பராமரிக்கிறோம். கட்டடம் இவற்றுக்குப் பின்னால் வருவது.

தில்லியின் மூன்றாம் முனையத்தை எடுத்துக்கொள்வோம். 2010-இல் திறக்கப்பட்டது. பரப்பு ஐந்து லட்சம் சதுர மீட்டருக்கு மேல். ஆண்டுக்கு 3.4 கோடிப் பயணிகளுக்கு என்று திட்டமிட்டுக் கட்டியது. நாட்டில் கட்டடம் என்று பெருமையாகக் காட்டக்கூடியவற்றில் அது ஒன்று. 2022 டிசம்பரில் அதே முனையத்தின் வாசலிலும் சோதனைத் தடங்களிலும் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். பலர் விமானத்தைத் தவறவிட்டார்கள். இண்டிகோ நிறுவனம் தன் பயணிகளை உள்நாட்டுப் பயணத்துக்கே மூன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னது. தில்லியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரமே அதைவிடக் குறைவு.

நெரிசலைத் தணிக்க என்ன செய்தார்கள்? ஒரு சதுர மீட்டரும் புதிதாகக் கட்டவில்லை. அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா நேரில் போய்ப் பார்த்தார். எக்ஸ்-ரே இயந்திரங்களைக் கூட்டினார்கள். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். மேலும் சில நுழைவாயில்களைத் திறந்தார்கள். காலை நெரிசல் நேரத்தில் அந்த முனையத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, சிலவற்றை வேறு முனையங்களுக்கும் வேறு நேரங்களுக்கும் மாற்றினார்கள். வரிசை தணிந்தது. நோய் கட்டடத்தில் இல்லை, கால அட்டவணையிலும் ஆள் கணக்கிலும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

“ஆண்டுக்கு இத்தனை கோடிப் பயணிகள்” என்ற எண்ணே நம்மை ஏமாற்றுகிறது. யாரும் ஓர் ஆண்டில் பயணம் செய்வதில்லை. காலை ஆறு மணிக்கோ இரவு பத்து மணிக்கோ ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக ஒரு குறிப்பிட்ட தடத்துக்கு வருகிறோம். ஒரு சோதனைத் தடம் மணிக்கு 150 பேரை அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு தடங்களில் ஆள் இருந்தால் 900 பேர். ஆறிலிருந்து ஏழு மணிக்குள் 1,200 பேர் வந்தால் ஏழு மணிக்கு 300 பேர் நிற்பார்கள். கடைசியில் இருப்பவர் 20 நிமிடம் காத்திருப்பார். அடுத்த மணியிலும் அதே 1,200 பேர் வந்தால் வரிசை 600 ஆகும், காத்திருப்பு 40 நிமிடமாகும். கூடத்தின் நீளம் நூறு மீட்டரா முந்நூறு மீட்டரா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. கூடம் பெரிதாக இருந்தால் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்பார்கள், அவ்வளவுதான். கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதானாலும், பரிமாற நாலு பேர்தான் என்றால் பந்தி நகராது.

1,200 பேருக்குச் சரியாக எட்டுத் தடங்கள் போதும் என்று கணக்காளர் சொல்வார். போதாது. மக்கள் சீராக, நொடிக்கு நொடி அளந்து வருவதில்லை. ஒரு பேருந்து கொட்டியதுபோல் கூட்டமாக வருவார்கள். நடுவில் ஒருவருடைய பையை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தை வண்டி ஒன்று மாட்டிக்கொள்ளும். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் மிக எளிய மாதிரியை எடுத்தாலும், ஒரு தடம் தன் திறனில் 80 விழுக்காடு நிரம்பியிருக்கும்போது உள்ள சராசரிக் காத்திருப்பு, 95 விழுக்காடு நிரம்பும்போது ஏறத்தாழ ஐந்து மடங்காகும். ஏறத்தாழ 19 விழுக்காடு வேலை கூடினால் ஐந்து மடங்கு காத்திருப்பு! ஆகவே சும்மா நிற்பதுபோல் தெரியும் ஓரிரு கூடுதல் பணியாளர்கள் வீண் செலவு அல்ல. வரிசையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களே அவர்கள்தான். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டப்படுபவர்களும் அவர்களே.

இது ஏழை நாட்டின் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 430 கோடி பவுண்டு செலவில் எழுந்தது. 2008 மார்ச் 27-ஆம் தேதி அது பயணிகளுக்குத் திறந்த முதல் நாளே பெட்டிகள் குவிந்து கிடந்தன. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, பல்லாயிரம் பெட்டிகள் உரியவரிடம் போய்ச் சேரவில்லை. கூரை ஒழுகியதாலோ இடம் போதாததாலோ அல்ல. பணியாளர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தெரியவில்லை. அவர்களே பாதுகாப்புச் சோதனையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். கணினிக்குள் நுழைய முடியவில்லை. புதிய கட்டடத்தில் போதிய பயிற்சி தரப்படவில்லை. உலகத்தரக் கட்டடத்தைக் கட்டியவர்கள் பெட்டி தூக்குபவர் காலையில் எந்த வழியாக உள்ளே வருவார் என்று போதுமான அளவு யோசிக்கவில்லை.

நெதர்லாந்தின் ஸ்கிபோல் இன்னும் நேரடியான பாடம். ஐரோப்பாவின் சிறந்த நிலையங்களில் ஒன்றாகப் பெயர் பெற்ற அங்கே 2022-இல் வரிசை கட்டடத்துக்கு வெளியே தெருவரை நீண்டது. கொரோனா காலத்தில் போன பாதுகாப்புப் பணியாளர்கள் பழைய ஊதியத்துக்குத் திரும்பி வரவில்லை. பெட்டி கையாளுபவர்கள் வேலை வெளியாருக்கு விடப்படுவதை எதிர்த்து ஏப்ரலில் திடீர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் கடைசியில் கோடைக்காலத்துக்கு மணிக்கு 5.25 யூரோ கூடுதல் படி கொடுத்தது. கோடை முடிந்து அந்தப் படி நின்ற பிறகு, செப்டம்பரில் மீண்டும் நீண்ட வரிசைகள். அதே மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகுவதாக அறிவித்தார். பயணியின் வசதி என்பது பணியாளரின் சம்பளச் சீட்டில் எழுதப்படுகிறது என்பதை அந்த ஒரு கோடை காட்டியது.

நம் நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் மும்பையில் விமான நிலையப் பணிக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது சுமார் 2,200 இடங்களுக்குப் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டு, நெரிசலில் தள்ளாடினார்கள். வெயிலில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு அத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள். எத்தனை பேரை எடுப்பது, எத்தனை மணி நேர ஷிப்ட், என்ன கூலி என்பது நிர்வாகத்தின் முடிவு.

எதிர்த்தரப்பு உடனே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைக் காட்டும். சிங்கப்பூருக்கு வேலைக்கும் உறவு பார்க்கவும் போய்வரும் நம்மவர்களும் காட்டுவார்கள். சாங்கியின் ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி, உள்ளே காடு. அதனால்தான் அது உலகின் முதலிட விமான நிலையம் என்பார்கள். தேதியைப் பார்க்க வேண்டும். ஜுவல் பொதுமக்களுக்குத் திறந்தது 2019 ஏப்ரலில். விமான நிலையங்களைத் தரவரிசைப்படுத்தும் ஸ்கைட்ராக்ஸ் பட்டியலில் சாங்கி ஆண்டுதோறும் தொடர்ந்து முதலிடம் பிடிக்கத் தொடங்கியது 2013-இல். அருவி வருவதற்கு முன்பே தொடர்ந்து பல ஆண்டுகள் அது முதலிடத்தில் இருந்தது. போதாததற்கு அந்த அருவி குடியேற்றச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. இடைமாறும் பயணி குடியேற்றச் சோதனையைக் கடக்காமல் அதன் அருகே போக முடியாது. சாங்கியை சாங்கி ஆக்கியவை வேறு. அங்கே கழிப்பறை வாசலில் ஒரு தொடுதிரை இருக்கும். அந்த நேரத்தில் சுத்தம் செய்பவரின் படமும் பெயரும் அதில் தெரியும். பயணி மதிப்பெண் போடலாம். மதிப்பெண் இறங்கினால் மேற்பார்வையாளருக்குத் தகவல் போய் ஆள் வருவார். பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனையை ஒரே கூடத்தில் குவிக்காமல் விமானம் ஏறும் வாயிலுக்கு வாயில் பிரித்து வைத்திருக்கிறார்கள். இவற்றைப் படம் எடுத்துப் பகிர யாருக்கும் தோன்றாது. நம் அதிகாரிகள் சுற்றுலா போய்விட்டுத் திரும்பி வந்து அருவியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்னொரு வாதம் கொஞ்சம் நுட்பமானது. காத்திருப்பு என்பது மனநிலை. நேரத்தைக் குறைக்கத் தேவையில்லை, நேரம் போவது தெரியாமல் செய்தால் போதும் என்பது. இதற்கு மேலாண்மை வகுப்புகளில் ஹூஸ்டன் விமான நிலையத்தின் கதையைச் சொல்வார்கள். அங்கே பெட்டி தாமதமாக வருவதாகப் புகார்கள் குவிந்தன. வேலையாட்களைக் கூட்டினார்கள், காத்திருப்பு எட்டு நிமிடமாகக் குறைந்தது, புகார் நிற்கவில்லை. பிறகு விமானம் வந்து நிற்கும் வாயிலைத் தூரமாக மாற்றினார்கள். பயணிகள் ஆறு மடங்கு தூரம் நடந்து வந்தார்கள், அதற்குள் பெட்டி வந்திருந்தது, புகார் ஏறக்குறைய நின்றுபோனது. கேட்பவர்கள் இரண்டாம் பாதியைக் கொண்டாடி முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். காத்திருப்பை எட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தது கூடுதல் வேலையாட்கள். அது நடந்த பின்புதான் மனநிலை பற்றிய உத்திக்கே இடம் வந்தது. 50 நிமிடம் தாமதமாகும் பெட்டிக்காக யாரையும் அவ்வளவு தூரம் நடக்கவைக்க முடியாது.

அதைவிட முக்கியம், புகார் குறைந்தது என்பதும் துன்பம் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும், கைக்குழந்தையும் இரண்டு பையும் சுமக்கும் தாய்க்கும் ஆறு மடங்கு நடை என்பது உண்மையான வலி. 2024 பிப்ரவரி 12-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து மும்பையில் வந்திறங்கிய 80 வயது முதியவர் ஒருவர், தனக்கும் மனைவிக்கும் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்திருந்தார். கிடைத்தது ஒன்றுதான். அதில் மனைவியை உட்காரவைத்து அவர் உடன் நடந்தார். விமானத்திலிருந்து குடியேற்றச் சோதனை வரை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் என்று செய்திகள் கூறின. அங்கே மயங்கி விழுந்தார், இறந்துபோனார். இன்னொரு நாற்காலி வரும்வரை காத்திருக்கச் சொன்னதாக ஏர் இந்தியா விளக்கம் தந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கட்டடம் பெரிதாகப் பெரிதாக நடை நீளும். நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலியும் தள்ள ஆளும் அதே விகிதத்தில் பெருக வேண்டும். நாம் முதலாவதை மட்டும் பெருக்குகிறோம். என்னைப் பொறுத்தவரை அந்த மரணம் ஒன்றே இந்த விவாதத்தை முடித்துவைத்திருக்க வேண்டும்.

ஏன் கட்டடத்தின் மேல் இவ்வளவு பற்று? அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல, கட்டண விதியும் காரணம். நம் பெரிய விமான நிலையங்களின் கட்டணத்தை 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. போட்ட முதலீட்டின் மேல் ஒரு நியாயமான ஆதாயத்தையும், தேய்மானத்தையும், நடைமுறைச் செலவையும் சேர்த்து, வணிக வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்து, மீதியைப் பயணியிடமும் விமான நிறுவனங்களிடமும் வசூலிக்கலாம். இதில் சம்பளம் செலவாகத் திரும்பக் கிடைக்கும். சிமெண்டோ முதலீடாகி ஆதாயமும் ஈட்டும். நூறு கோடியைக் கூரையில் போட்டால் ஆண்டுதோறும் அதன்மேல் வருமானம் வரும். அதே பணத்தில் சோதனைத் தடங்களுக்கு உதவியாளர்களையும் பெட்டி இறக்க ஆட்களையும் வைத்தால் செலவு திரும்பும், அதற்கு மேல் ஒன்றும் வராது. நடத்துபவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் இந்தச் சாய்வு மாறாது. அதனால்தான் தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன தில்லி தனியார் நடத்தும் நிலையம்தான்.

வரிசையில் நிற்பவர் கடையில் வாங்க மாட்டார், ஆகவே வரிசையைக் குறைப்பது நிலையத்துக்கே லாபம் என்று ஒருவர் கேட்கலாம். பாதி உண்மை. அந்தச் சிக்கலைத் தீர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி, நம்மை இன்னும் முன்னதாக வரச் சொல்வது. தாமதத்தின் விலையைப் பயணியே தன் தூக்கத்தாலும் நேரத்தாலும் கட்டுகிறார்; எஞ்சும் நேரத்தைக் கடைவீதியில் கழிக்கிறார். விடியற்காலை விமானத்துக்காக நள்ளிரவில் விழுப்புரத்திலிருந்து கார் எடுக்கும் குடும்பத்தின் இழந்த இரவு எந்த நிலையத்தின் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

திருச்சிக்கு வருகிறேன். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உழைக்கப் போகும் டெல்டா மாவட்டத்துக்காரர்களின் வாசல் அது. அவர்களுக்கு நல்ல முனையம் தேவை, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பழைய முனையத்தின் நெருக்கடியும் உண்மை. ஆனால் 2024 ஜனவரி 2-இல் திறப்பு விழா கண்ட கட்டடம் பயணிகளுக்குத் திறந்தது ஜூன் 11-இல். நடுவே ஐந்து மாதம் அது பூட்டிக் கிடந்தது. ஓடுபாதை நீட்டிப்போ நிலம் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. சுமார் எட்டாயிரம் அடி நீளத்தோடு நிற்கும் பாதையில் பெரிய அகன்ற விமானங்களை முழுச் சுமையோடு எழுப்புவது கடினம். நெரிசல் நேரத்தில் 3,500 பேரைத் தாங்கும் கூடம் தயார். அந்த மக்களை நேரடியாகத் தொலைதூரத்துக்குக் கொண்டுசெல்லும் பாதை தயாரில்லை. ஓடுபாதையின் நீட்டிப்புக்கு ரிப்பன் வெட்டினால் படம் நன்றாக வராது என்பதைத் தவிர இந்த வரிசைமுறைக்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஓடுபாதை தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி மூடுபனி காட்டியது. தில்லியில் ஒரு ஓடுபாதை மறுதளம் போடுவதற்காக மூடியிருந்தது. அடர்பனியிலும் இறங்க உதவும் வசதியோடு அப்போது இயங்கியது ஒன்றே. தாமதங்கள் நாடு முழுவதும் பரவின. கோவாவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஒரு விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. களைத்துப்போன பயணிகள் விமானத்தின் பக்கத்தில், விமானங்கள் நிற்கும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இண்டிகோவுக்கு 1.20 கோடி, மும்பை விமான நிலையத்துக்கு இரண்டு அமைப்புகள் சேர்ந்து 90 லட்சம் என்று அபராதம் வந்தது. அவர்களுக்கு எட்டும் தூரத்தில் நாட்டின் மிக அழகான முனையங்களில் ஒன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிமெண்ட் இல்லாமல் வந்த மேம்பாடுகளையும் சொல்ல வேண்டும். கைப்பையில் கட்டிய அட்டையில் முத்திரை குத்தும் வழக்கம் நினைவிருக்கிறதா? முத்திரை விழாமல் வாயில்வரை போனவர்கள் திரும்ப ஓடிவந்தார்கள். 2017 ஏப்ரலில் முதலில் தில்லி, மும்பை உள்ளிட்ட சில நிலையங்களில் அதை நிறுத்தினார்கள். ஒரு சுற்றறிக்கை, லட்சக்கணக்கானோருக்கு நிம்மதி. சென்னை விமான நிலையத்தில் 2025 தொடக்கத்தில் வந்த மலிவு விலை உடான் யாத்ரி கஃபேயில் பத்து ரூபாய்க்குத் தேநீர் கிடைக்கிறது. 2024 தொடக்கத்தில் ஏழு விமான நிறுவனங்களுக்குக் கடைசிப் பெட்டி 30 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்று விமானப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. அளந்து பார்க்கத் தொடங்கியதே பெரிய மாற்றம். இதே கண்ணோடு, பல நாடுகளில் இல்லாத முனைய வாசல் சோதனை நமக்கு இன்னும் தேவையா என்று கேட்க வேண்டும். முகத்தை அடையாளம் கண்டு உள்ளே அனுப்பும் டிஜி யாத்ரா அந்தச் சோதனையை வேகப்படுத்துகிறது. அது இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அது எழுப்பவில்லை.

சென்னைக்குப் புதிய ஓடுபாதைகள் தேவை; மீனம்பாக்கத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பாதைகளை வைத்துக்கொண்டு வெகுகாலம் ஓட்ட முடியாது. அதற்கான புதிய விமான நிலையம் பரந்தூரிலா வேறிடத்திலா என்பது நிலம் இழக்கும் ஏகனாபுரத்து மக்களின் கேள்வியோடு சேர்த்துப் பேச வேண்டிய தனி விஷயம். ஆனால் இப்போது மீனம்பாக்கத்தில் வாடகைக் கார் ஏற, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம்வரை போகும் பயணியிடம், பரந்தூர் வந்தால் சரியாகும் என்று பதில் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அதைச் சரிசெய்யப் புதிய ஊர் தேவையில்லை.

ஒழுங்குமுறை ஆணையத்தின் சட்டத்திலேயே, கட்டணம் நிர்ணயிப்பதோடு சேவையின் தரத்தையும் கண்காணிக்கும் கடமை சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஐந்தாண்டுக் கட்டணத்துக்கும் முன்னால் ஆணையம் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் விமான நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும். சென்னைக்கான அடுத்த அறிக்கை வரும்போது நுகர்வோர் அமைப்புகளும், வெளிநாட்டுத் தொழிலாளர் சங்கங்களும், முதியோர் அமைப்புகளும் எழுத வேண்டும். எத்தனை சதுர மீட்டர் கூட்டினீர்கள் என்று கேட்க வேண்டாம். கடந்த ஐந்தாண்டுகளில் காலை ஐந்திலிருந்து எட்டு வரை எத்தனை சோதனைத் தடங்களில் ஆள் இருந்தார்கள், எத்தனை தடங்கள் இயந்திரம் இருந்தும் மூடிக் கிடந்தன, சக்கர நாற்காலி கேட்டவர்களில் எத்தனை பேர் அரை மணிக்கு மேல் காத்திருந்தார்கள் என்று மாதவாரியாகக் கேட்க வேண்டும். அந்த எண்களைத் தராத நிலையத்துக்குப் பயணியின் தலைக்கு ஒரு ரூபாய்கூட உயர்த்த அனுமதிக்கக் கூடாது.